வாக்கிங் பேஸ்: இறங்கும் விரலை முதலில் முடிவு செய்யுங்கள்

பியானோவில் ஸ்கேல் வாசித்துப் பழகிய இடது கையிடம் வாக்கிங் பேஸை, அதாவது ஜாஸில் பீட்டுக்கு ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே போகும் அடி ஸ்வர வரிசையைக் கொடுத்தால், முதல் ரெண்டு பார் (பாருக்கு நாலு பீட்) ஒழுங்காகப் போகும். மூன்றாவது பாரில் சுண்டுவிரல் கீழே போய் நின்றுவிடும். லைன் இன்னும் இறங்க வேண்டியிருக்கும், கையில் விரல் மிச்சமிருக்காது. அந்த இடத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கையைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பது. அப்படித் தூக்கும்போது நான்காம் பீட்டுக்கும் அடுத்த பாரின் முதல் பீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஓட்டை விழும். வாக்கிங் பேஸில் ஓட்டை விழவே கூடாத இடம் அதுதான். அடுத்த கார்டுக்குள் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பு) கேட்பவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போவது அந்த நான்காம் பீட் ஸ்வரம்.

ஸ்கேல் ஃபிங்கரிங் மேல், அதாவது எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்ற ஒழுங்கின் மேல் குற்றமில்லை. அது ஒரே திசையில் ஓடுவதற்காக ஏற்பட்டது. கட்டைவிரலை 1, சுண்டுவிரலை 5 என்று எண்ணினால், சி மேஜரில் இடது கை ஏறும்போது 5 4 3 2 1 3 2 1, இறங்கினால் அதையே திருப்பிப் போட்டால் ஆயிற்று. வாக்கிங் லைன் அப்படி ஓடுவதில்லை. பாருக்கு நாலு ஸ்வரம், பீட்டுக்கு ஒன்று. ரெண்டு மூன்று ஸ்வரம் ஏறும், ஒன்று திரும்பும், அடுத்த கார்டின் மூல ஸ்வரத்தில் போய் இறங்கும், அங்கிருந்து வேறு பக்கம் கிளம்பும். அதனால் இதற்குக் கணக்கே வேறு.

கணக்கு இதுதான். முதல் பீட்டில் எந்த விரல் என்பதை, அங்கிருந்து லைன் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏறப்போகிறது என்றால் 5 அல்லது 4-ல் இறங்குங்கள். கீழே போகப்போகிறது என்றால் 1 அல்லது 2-ல் இறங்குங்கள். அது முடிவானதும், அந்த விரலில் போய் இறங்க நான்காம் பீட்டில் எந்த விரல் வசதி என்று பின்னோக்கிப் பாருங்கள். நடுவில் உள்ள இரண்டாம், மூன்றாம் பீட்டுகள் பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். நடுவிரலில் இறங்குவது மட்டும் ரெண்டுங்கெட்டான். மேலேயும் ரெண்டே விரல், கீழேயும் ரெண்டே விரல்தான் மிச்சமிருக்கும். லைன் எங்கே போகும் என்று தெரியாதபோதுதான் கை 3-ல் இறங்குகிறது.

(இந்தப் பதிவு முழுக்க விரல்களுக்கு எண், பீட்டுகளுக்கு எழுத்து. பியானோவின் கட்டையும் கட்டைவிரலும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பக்கத்தில் வைத்துப் பார்க்க நாலு பார் போதும். டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த், ஏ செவன்த், திரும்பவும் டி மைனர். சி மேஜர் கீயில், ஜாஸில் எங்கே திரும்பினாலும் எதிர்ப்படுகிற சுற்று. நடு சி-யிலிருந்து ரெண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே உள்ள சி-யையும் அதற்கு மேலே உள்ள ஏ-யையும் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பார்: டி-5, எஃப்-3, ஏ-1, ஏ ஃப்ளாட்-2.
இரண்டாம் பார்: ஜி-1, எஃப்-2, டி-3, டி ஃப்ளாட்-4.
மூன்றாம் பார்: சி-5, இ-3, ஜி-1, ஏ ஃப்ளாட்-2.
நான்காம் பார்: ஏ-1, ஜி-2, இ-3, இ ஃப்ளாட்-4. திரும்பவும் டி-5.

வாசித்துப் பார்த்தால் தெரியும், ஏறும் பார்கள் 5-ல் தொடங்குகின்றன, இறங்கும் பார்கள் 1-ல் தொடங்குகின்றன. எங்கேயும் கையைத் தூக்கவில்லை. முதல் பாரின் கடைசியில் ஏ ஃப்ளாட் கருப்புக் கட்டை. 2 அதன்மேல் உயரமாக நிற்பதால் அதன் அடியில் கட்டைவிரல் ஜி-க்கு நுழைய இடம் தாராளமாக இருக்கிறது. மூன்றாம் பாரில் அதே ஏ ஃப்ளாட் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: ஜி-யில் கட்டைவிரல் இருக்கும்போதே 2 அதன் மேலாகத் தாண்டி ஏ ஃப்ளாட்டில் உட்காரும், கட்டைவிரல் அடியால் நகர்ந்து ஏ-யைப் பிடிக்கும். கை திரும்பும் ரெண்டு இடமும் கருப்புக் கட்டையில்தான் நடக்கிறது. விரல் தாண்டுவதைக் கருப்பில் வையுங்கள் என்று சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

இந்த லைனில் ஜி செவன்த்தின் பி-யும் ஏ செவன்த்தின் சி ஷார்ப்பும் இல்லை என்று சிலர் கேட்பார்கள். வலது கை மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களை வைத்துக்கொள்ளட்டும்: எஃப்-சி, எஃப்-பி, இ-பி, ஜி-சி ஷார்ப். கார்ட் முழுசாகக் கேட்கும்.

இப்போது இதில் என்ன கெடும் என்று பார்ப்போம். கட்டைவிரல் எங்கெங்கே விழுகிறது என்று எண்ணுங்கள். ஏறும் பார்களில் மூன்றாம் பீட்டில், இறங்கும் பார்களில் முதல் பீட்டில். அதாவது எல்லா அழுத்தமும் ஒன்றிலும் மூன்றிலும். ஜாஸின் ஆடி அசையும் தாள நடையான ஸ்விங்கில் அழுத்தம் சாய வேண்டியது இரண்டிலும் நான்கிலும். கட்டைவிரல் கனமான விரல், முன்கையோடு சேர்ந்து தொப்பென்று விழும். அதை அப்படியே விட்டால் பேஸ் லைன் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். விரல் எண்கள் சரியாக இருந்தும் ஸ்விங் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கட்டைவிரலை நகத்தின் ஓரத்தால், பக்கவாட்டில் தொடுங்கள். மணிக்கட்டு இறங்கக் கூடாது. இரண்டாம் பீட்டில் வரும் 3-க்கும் 2-க்கும் கொஞ்சம் எடை கொடுங்கள். சிக்கல் நான்காம் பீட்டில் வரும் மோதிர விரல்தான். டி ஃப்ளாட், இ ஃப்ளாட் ரெண்டும் அதன் தலையில் விழுகின்றன, அது பலவீனமான விரல். விரலை ஓங்கி அடிப்பதால் பயனில்லை. மூன்றாம் பீட்டில் 3 இருக்கும்போதே முழங்கையை அரை அங்குலம் வெளியே விட்டால் கையின் எடை தானாக 4 பக்கம் சாயும். பிறகு 4 சும்மா நின்றால் போதும், கட்டை கீழே போகும்.

இதே நாலு பாரை அரை ஸ்வரம், அதாவது கருப்பையும் சேர்த்து எண்ணினால் ஒரு கட்டை, மேலே ஏற்றுங்கள். இ ஃப்ளாட் மைனர் செவன்த், ஏ ஃப்ளாட் செவன்த், டி ஃப்ளாட் மேஜர் செவன்த், பி ஃப்ளாட் செவன்த். பழைய எண்களையே போட்டால் முதல் பார் முடிந்ததுமே முட்டிக்கொள்ளும். வெள்ளைக் கட்டையான ஏ-யில் 2 இருக்க, அதன் அடியில் நுழைந்து கட்டைவிரல் கருப்பான ஏ ஃப்ளாட்டுக்கு ஏற வேண்டும். பாதாளத்திலிருந்து மாடிப்படி ஏறுகிற வேலை. இங்கே போட வேண்டியது வேறு:

இ ஃப்ளாட்-4, ஜி ஃப்ளாட்-3, பி ஃப்ளாட்-2, ஏ-1.
ஏ ஃப்ளாட்-2, ஜி ஃப்ளாட்-3, இ ஃப்ளாட்-4, டி-1.
டி ஃப்ளாட்-4, எஃப்-3, ஏ ஃப்ளாட்-2, ஏ-1.
பி ஃப்ளாட்-2, ஏ ஃப்ளாட்-3, எஃப்-4, இ-1. திரும்பவும் இ ஃப்ளாட்-4.

4 3 2 1, 2 3 4 1, திரும்ப 4 3 2 1, 2 3 4 1. சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை. கட்டைவிரல் ஒருமுறைகூடக் கருப்பைத் தொடவில்லை. அதைவிட நல்ல விஷயம், கட்டைவிரல் ஒவ்வொரு பாரிலும் நான்காம் பீட்டில் வருகிறது. சி-யில் நமக்கு எதிரியாக இருந்த கனம் இங்கே நம் பக்கம். பயமுறுத்துகிற டி ஃப்ளாட் கீ, ஸ்விங் என்று வரும்போது சி-யைவிட எளிது. ஜாஸ் பியானோ படிப்பவர்கள் வாக்கிங் பேஸை சி-யில் தொடங்காமல் டி ஃப்ளாட்டிலேயே தொடங்கலாம் என்பது என் கட்சி.

இதில் கவனிக்க வேண்டியது, டி-1-லிருந்து டி ஃப்ளாட்-4. நடுவில் அரை ஸ்வரம்தான் இடைவெளி, ஆனால் 1-க்கும் 4-க்கும் நடுவே ரெண்டு விரல் இருக்கிறது. கையைக் கூப்பி ஒடுக்க வேண்டும். ஒடுக்காமல் விரித்தபடியே வைத்திருந்தால் 4 டி ஃப்ளாட்டைத் தாண்டிக் கீழே உள்ள சி-யில் போய் விழும். அடுத்த மூன்று ஸ்வரத்தில் கை மறுபடி விரியும். ஒடுங்குவது, விரிவது, ஒடுங்குவது என்று மூச்சு விடுகிற மாதிரி போகும். கை சிறியவர்களுக்கு இ ஃப்ளாட்டிலிருந்து பி ஃப்ளாட் வரை 4-2 எட்டாவிட்டால், தொடக்கத்தில் 4-க்குப் பதில் 5 போட்டு 5 3 2 1 என்று ஏறலாம். சுண்டுவிரல் குட்டை என்பதால் கருப்புக் கட்டையின் நுனியில்தான் நிற்கும், வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சறுக்கல். கருப்புக் கட்டையில் இருக்கும் விரலையே பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்கிவிடுவது. ஒவ்வொரு கருப்புக் கட்டைக்கும் இரு பக்கமும் வெள்ளை இருப்பதால் ஒரு ஆக்டேவுக்குள் பத்து சறுக்கல் கிடைக்கும். வெள்ளையிலிருந்து கருப்புக்குச் சறுக்க முடியாது, அது மேடு. இ-எஃப், பி-சி என்று வெள்ளையும் வெள்ளையும் பக்கத்தில் இருக்கும் இடங்களிலும் முடியாது. மேலே சொன்ன சி லைனில் நான்காம் விரல் ஒத்துழைக்காதவர்கள் டி-4, டி ஃப்ளாட்-5, சி-5 என்று சறுக்கலாம்.

கிளாசிக்கல் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் இங்கே இது முறையான வித்தைதான். ஒரே குறை: சறுக்கி விழும் ஸ்வரத்தை விரல் அடிப்பதில்லை, அதன்மேல் வழிகிறது. அதனால் சத்தம் குறையும். நான்காம் பீட் பலமாகவும் அடுத்த முதல் பீட் மென்மையாகவும் வரும். சாதாரண வேகத்தில் அது அழகாகக்கூட இருக்கும். ஒரு கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று) முழுக்க ஒவ்வொரு பாரிலும் அப்படியே வந்தால் பேஸ் வாசிப்பவர் தூங்கிவிட்ட மாதிரி கேட்கும். நிமிடத்துக்கு 240 பீட் என்றால் ஒரு ஸ்வரத்துக்குக் கால் விநாடிதான், அந்த வேகத்தில் சறுக்கலை நம்ப வேண்டாம்.

எஃப் ப்ளூஸுக்கு, அதாவது எஃப் கீயில் வாசிக்கும் ப்ளூஸ் சுற்றுக்கு வருவோம். எஃப் செவன்த்திலிருந்து பி ஃப்ளாட் செவன்த்துக்குப் போகும் முதல் ரெண்டு பார். வழக்கமாகக் கைக்கு வருவது எஃப், ஏ, சி, பி, பிறகு பி ஃப்ளாட். அங்கிருந்து ஏ ஃப்ளாட், ஜி, ஜி ஃப்ளாட் என்று எஃப்-க்கு இறங்கலாம். இறங்குவதற்கு 1 2 3 4 5 தேவை, அதனால் பி ஃப்ளாட்டில் கட்டைவிரல் வந்தாக வேண்டும். அப்படியானால் எஃப்-5, ஏ-3, சி-1, பி-2, பி ஃப்ளாட்-1. மறுபடியும் அந்தப் பாதாளப் படி. முடியாதது இல்லை. எஃப் அடிக்கும்போதே கையைக் கட்டைகளின் உள்பக்கம் தள்ளி, கருப்புக் கட்டைகளின் நடுவே வாசித்தால் கட்டைவிரல் கருப்புக்குப் போவது சுலபமாகும். கட்டைவிரல் கருப்பைத் தொடக் கூடாது என்ற விதி ஸ்கேலுக்கு உரியது, இங்கே அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

ஆனால் அதைவிடச் சுலபமான வழி, ஸ்வரத்தை மாற்றுவது. நான்காம் பீட்டில் பி-க்குப் பதில் ஏ போடுங்கள்: எஃப்-5, ஏ-3, சி-1, ஏ-2, பி ஃப்ளாட்-1. மேலிருந்து அரை ஸ்வரம் இறங்குவதற்குப் பதில் கீழிருந்து அரை ஸ்வரம் ஏறுகிறோம். ஏ-யில் 2 இருக்கும் நேரத்தில் கட்டைவிரலுக்கு சி-யை விட்டு பி ஃப்ளாட்டுக்கு நகர முழு ஒரு பீட் கிடைக்கிறது. எழுதி வைத்த இசையில் விரல்தான் ஸ்வரத்துக்கு வளைந்து கொடுக்க வேண்டும். பேஸ் லைன் நீங்களே கட்டுவது, ஸ்வரம் விரலுக்கு வளைந்தால் ஒருவரும் கேஸ் போட மாட்டார்கள்.

அந்த இறக்கத்தில் ஒரு எச்சரிக்கை. பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், ஜி, ஜி ஃப்ளாட், எஃப் என்று போகும்போது ஜி-யில் நடுவிரல் ரெண்டு கருப்புக் கட்டைகளின் சந்துக்குள் போகிறது. விரல் தடித்தவர்களுக்கு ஜி ஃப்ளாட்டோ ஏ ஃப்ளாட்டோ சேர்ந்து அமுங்கும். விரலை வளைக்காமல் நீட்டி, நுனியை நேராக இறக்குங்கள். அப்படியும் ஒட்டினால் பி ஃப்ளாட்-2, ஏ ஃப்ளாட்-3, ஜி-1, ஜி ஃப்ளாட்-2 என்று போட்டு, எஃப்-ல் மறுபடி 1. இது அடுத்த பார் இறங்குமுகமாக இருந்தால் மட்டும். ஏறுமுகம் என்றால் 5-ல் இறங்கியே தீர வேண்டும், முதல் விரலமைப்புக்கே திரும்புங்கள்.

கையைத் தூக்கவே கூடாதா என்றால், தூக்கலாம். டபுள் பேஸ் வாசிப்பவரும் வாத்தியத்தின் கழுத்தில் கையை இடம் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார். எங்கே தூக்குவது என்பதுதான் கேள்வி. ஸ்வர இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில் காது இணைப்பை எதிர்பார்ப்பதில்லை. ஐந்தாம் ஸ்வரத்திலிருந்து கீழ் மூல ஸ்வரத்துக்குக் குதிப்பது, ஆக்டேவ் தாண்டுவது இதெல்லாம் நல்ல மறைவிடங்கள். அரை ஸ்வர நகர்வில் தூக்கினால் ஊருக்கே தெரியும். லைன் கீழ்க்கோடிக்குப் போய் மாட்டிக்கொண்டால் மூல ஸ்வரத்தை 5-ல் அடித்து, இரண்டாம் பீட்டில் அதே ஸ்வரத்தின் மேல் ஆக்டேவைக் கட்டைவிரலில் அடியுங்கள். ஒரே பீட்டில் கை ஓர் ஆக்டேவ் மேலே வந்துவிடும், அங்கிருந்து இறங்க நாலு விரல் தயார்.

கீழ்க்கோடி என்றால் எதுவரை? சாதாரண டபுள் பேஸின் அடித் தந்தி இ, 41.2 ஹெர்ட்ஸ். 88 கட்டைப் பியானோவில் இடமிருந்து எண்ணினால் எட்டாவது கட்டை. அதற்குக் கீழே ஏழு கட்டை இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அங்கே போனால் பேஸ் மாதிரி கேட்காது, இடி மாதிரி கேட்கும். மேல் எல்லை நடு சி. அதை நெருங்கும்போது இடது முழங்கை உடம்போடு ஒட்டி, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்கும். கட்டைவிரல் அடியில் நுழைவது விறைத்துப் போகும். அந்தப் பகுதியில் ரொம்ப நேரம் இருக்காதீர்கள்.

61 கட்டைக் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இடக்கோடிக் கட்டையே நடு சி-க்கு ரெண்டு ஆக்டேவ் கீழே உள்ள சி. முதலில் சொன்ன சி மேஜர் பயிற்சி அதில் மயிரிழையில் அடங்கும், அதற்குக் கீழே எதுவும் இல்லை. ஆக்டேவ் பட்டனை ஒன்று இறக்கினால் வலது கையும் சேர்ந்து இறங்கிவிடும். ஸ்ப்ளிட் வசதி இருந்தால் இடது பாதியை மட்டும் ஓர் ஆக்டேவ் இறக்கி, அதில் பேஸ் டோன் போட்டுக்கொள்ளலாம்.

சஸ்டெய்ன் பெடலைத் தொடவே வேண்டாம். அடி ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் சேறு. இணைப்பு முழுக்க விரலில்தான் வர வேண்டும்: அடுத்த கட்டை அடிதொடும் கணத்தில் முந்தைய விரல் எழ வேண்டும். முன்பே எழுந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் துள்ளும். பிந்தி எழுந்தால், முக்கியமாக அரை ஸ்வர நகர்வில், உறுமல் கேட்கும். கடைசியாக எழ மறப்பது பெரும்பாலும் சுண்டுவிரல்தான்.

பயிற்சிக்கு மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். டிக் என்பதை இரண்டாம், நான்காம் பீட்டாக எண்ணுங்கள், வேகம் 120 ஆகிறது. முதலில் முழு லைனை வாசிக்க வேண்டாம். நான்காம் பீட்டையும் அடுத்த முதல் பீட்டையும் மட்டும் வாசித்து, இரண்டையும் மூன்றையும் மௌனமாக விடுங்கள். ஏ ஃப்ளாட்-2, ஜி-1. டி ஃப்ளாட்-4, சி-5. ஏ ஃப்ளாட்-2, ஏ-1. இ ஃப்ளாட்-4, டி-5. இந்த நாலு ஜோடியும் பார்க்காமல் வரும்வரை நடுவை நிரப்பாதீர்கள். தாளில் எண் எழுதுவதாக இருந்தாலும் இந்த ரெண்டு பீட்டுக்கு மட்டும் எழுதுங்கள். பதினாறு ஸ்வரத்துக்கும் எழுதினால் கண் தாளை விட்டு வராது, லைனை மாற்றவும் துணிய மாட்டீர்கள்.

பிறகு வலது கை. அதற்கு முன் ஒரு நிமிடம் இடது கையை மட்டும் போனில் பதிவு செய்து கேளுங்கள். எந்த விரல் தொப்பென்று விழுகிறது என்பது வாசிக்கும்போது தெரியாது, கேட்கும்போது உடனே தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க டேவ் மெக்கென்னாவின் தனிப் பியானோப் பதிவுகள் இருக்கின்றன. 2008-ல் மறைந்தவர், இடது கையாலேயே ஒரு பேஸ் கலைஞரின் வேலையை முழுசாகச் செய்தவர். வேகத்தைப் பார்த்து மலைக்காமல், ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் ஒலித்து எப்போது நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

முன்கை இறுகினால் 5-1 விரிப்பைப் பிடித்துக்கொண்டே வாசிக்கிறீர்கள் என்று பொருள். ஆக்டேவ் அடித்ததும் கை சுருங்கிவிட வேண்டும். வலி வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மூடி வைத்துவிடுங்கள்.

மேடையில் பேஸ் கலைஞர் ஒருவர் நின்றுகொண்டிருந்தால் இந்த வித்தை எதையும் காட்டாதீர்கள். ஒரே பாரில் ரெண்டு பேர் ரெண்டு விதமாக நடந்தால் அவர் ஏ போடுகிற நான்காம் பீட்டில் நீங்கள் ஏ ஃப்ளாட் போடுவீர்கள். இடது கையை நடு சி-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து கார்ட் மட்டும் பிடியுங்கள்.